லண்டன் மையை ஏற்காத பிரிண்டர்

அத்தியாயம் 17

போன வாரம் ஊர்மிளாவைப் பிரிண்டருக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பாவம், அவள் இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

மறந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர்மிளா நுவரெலியாவுக்குப் பக்கத்தில், கந்தப்பளையில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கல்யாணமாகி எட்டாம் மாதம் புருஷன் சிவரூபன் லண்டனுக்குப் போனான். போய் நாலு வருஷம். மாமனார் பேரின்பநாயகமும் மாமி இராஜகுமாரியும் அவளோடுதான் இருக்கிறார்கள். இப்போது விசா சரிவந்துவிட்டதாம், ஆகஸ்டில் அவள் புறப்பட வேண்டுமாம். அதற்கு இந்த ஜூன் முடிவதற்குள் வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்பது வருஷத்து அரசாங்க வேலை. எழுதிக் கொடுத்து மேலிடம் ஏற்றுக்கொண்டுவிட்டால் தலைகீழாக நின்றாலும் திரும்பக் கிடைக்காது.

இனிப் பிரிண்டர். அதுவும் சிவரூபன் அனுப்பியதுதான். "என்ர மேசையில இருந்த மெஷின். புதுசா வாங்கி ரெண்டு வருஷம் நான்தான் பாவிச்சனான். இனி உம்மட மேசையில இருக்கட்டும்" என்று போன மார்கழியில் அவன் ஃபோனில் சொன்ன அன்றே ஊர்மிளா மேசையில் இடம் ஒதுக்கி வைத்தாள். கொழும்புக்கு லீவில் வந்த யாரோ ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தான். பெட்டி இல்லை. ஒரு பழைய போர்வையில் சுற்றி வந்தது.

அதில் இருந்த மை சித்திரையில் முடிந்தது. நுவரெலியாவில் அதே கம்பெனி, அதே நம்பர் காட்ரிஜ் வாங்கிப் போட்டாள். கணினித் திரையில் ஒரு சிவப்புப் பெட்டி வந்து நின்றது. இந்த காட்ரிஜ் இந்த மெஷினின் பிராந்தியத்துக்கு உரியதல்ல, கழற்றிவிடு என்றது.

மைக்கு என்ன பிராந்தியம், மைக்கு என்ன பாஸ்போர்ட் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அதே ஆத்திரம்தான். காசு கொடுத்து வாங்கிய மெஷினுக்குள் கம்பெனிக்காரன் ஒரு காவலாளியை உட்கார வைத்து அனுப்பியிருக்கிறான்.

"வெளிநாட்டு மெஷினுக்கு வெளிநாட்டு மைதான் போடோணும்" என்றார் பேரின்பநாயகம். நுவரெலியாக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர் சொன்னால் மறுபேச்சு ஏது. கந்தப்பளையே ஆமென்று தலையாட்டியது. நமக்கு வெளிநாடு என்றால் ஒரே ஊர்தான். கட்டுநாயக்காவில் விமானம் ஏறி எங்கே இறங்கினாலும் அது வெளிநாடு.

அதனால் லண்டனில் இருக்கும் தன் அண்ணன் குகநேசனுக்குச் சொல்லி, ஊர்மிளா இரண்டு காட்ரிஜ் எடுப்பித்தாள். வியாழக்கிழமை மாலை அவை வந்து சேர்ந்தன. வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவள் உட்கார்ந்த இடத்தில்தான் போன வாரம் அவளை விட்டிருந்தோம்.

*

முதல் காட்ரிஜைப் போட்டாள். சிவப்புப் பெட்டி.

கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டாள். சிவப்புப் பெட்டி.

இரண்டாவதைப் பிரித்துப் போட்டாள். அதே பெட்டி, அதே வசனம். உனக்கு எத்தனை தரம் சொல்வது என்று கேட்கிற மாதிரி.

"லண்டன் மெஷின். லண்டன் மை. இன்னும் என்னத்தைக் கேக்குது உது" என்று மேசையில் ஒரு அறை அறைந்தாள். கை வலித்தது. மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

திங்கட்கிழமை தவணைப் பரீட்சை. பதினோராம் வகுப்புக் கணித வினாத்தாளை அச்சடித்து, நஸீராவின் கடையில் எண்பத்துநாலு பிரதி எடுத்து, மத்தியானத்துக்குள் அதிபரிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்காகவே அன்று லீவு போட்டிருந்தாள். பாடசாலையில் ஒரு பழைய தட்டச்சு மெஷின் உண்டு. அதில் கணிதக் குறி ஒன்றும் வராது.

சத்தம் கேட்டுப் பேரின்பநாயகம் பேப்பரும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தார். "பிழை மெஷினில இல்லை, பிள்ளை. பிளக்கைப் பார். மூண்டு சதுரக் கால். அசல் லண்டன் பிளக். நீர் ஒழுங்காக் கொழுவியிருக்கமாட்டீர்."

"ஒழுங்காத்தான் மாமா கொழுவினான்."

"அப்ப உம்மட கொண்ணர் மலிஞ்ச சாமானா வாங்கி அனுப்பியிருப்பார். தம்பியிட்டச் சொல்லியிருந்தா நல்லதா அனுப்பியிருப்பான்."

தம்பி என்றால் சிவரூபன். அவனிடம் அவள் மூன்று தரம் சொல்லிவிட்டாள். மூன்று தரமும் 'பாப்பம், பாப்பம்' என்றுதான் பதில் வந்தது. அதை மாமாவிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது.

கோயிலுக்குப் போக உடுத்திக்கொண்டு அருச்சனைத் தட்டோடு இராஜகுமாரி அறை வாசலில் வந்து நின்றாள். "அந்தக் கடிதம் என்ன மாதிரி, பிள்ளை?"

"எந்தக் கடிதம் மாமி?"

"எந்தக் கடிதமெண்டு கேக்கிறீர். வேலை விடுற கடிதம். அச்சடிக்கிறன், அச்சடிக்கிறன் எண்டு மூண்டு நாளாச்சு. இண்டைக்கு விட்டா நாளைக்குச் சனி. மாதம் முடிஞ்சுது."

"எனக்கு இப்ப வினாத்தாள் அவசரம்."

"அதுகள் எப்பிடியும் சோதினை எழுதுங்கள். உம்மட வாழ்க்கையைப் பாரும். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் போகப்படாது. மெஷின் கிடந்திட்டுப் போகட்டும், கையால எழுதித் தாரும். பள்ளிக்கூடம் கோயில் வழியிலதானே. நானே அதிபரிட்டக் குடுத்திட்டு வாறன்."

இராஜகுமாரி அதட்டிப் பேசுகிறவள் அல்ல. குரல் எப்போதும் தேன்தான். அன்றைக்குத்தான் ஏனோ அவசரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

ஊர்மிளாவுக்கு மெஷின் மேல் கோபம், கம்பெனி மேல் கோபம், மூன்று தரம் 'பாப்பம்' சொன்ன புருஷன் மேல் கோபம். டிசம்பரில் சாதாரண தரம் என்கிற அரசாங்கப் பரீட்சை எழுதப் போகும் எண்பத்துநாலு பிள்ளைகளை நடுவழியில் விட்டுப் போகிறோமே என்று தன் மேலேயே கோபம். எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு தாளை இழுத்து, நின்ற நிலையில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கோபத்தில் எழுதக் கூடாத கடிதம் என்று உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். யார் சொல்லிக் கேட்டோம்.

"இந்தாங்கோ."

இராஜகுமாரி அதை நாலாக மடித்து அருச்சனைத் தட்டில் வெற்றிலைக்குக் கீழே வைத்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

*

பிரிண்டரைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஊர்மிளா முச்சக்கர வண்டியில் கந்தப்பளை பஜாருக்கு வந்தாள். பத்து மணி ஆகியும் பனிப்புகார் கலையவில்லை. நஸீராவின் கடையில் லைட் எரிந்துகொண்டிருந்தது.

நஸீரா இப்றாஹிம் முதலாளியின் மூத்த மகள். வாப்பா நோயில் விழுந்த பிறகு போட்டோக்கொப்பி, புத்தகம், பென்சில், ஃபோன் கார்டு எல்லாம் அவள்தான் பார்க்கிறாள். கடையில் கணினி உண்டு, பிரிண்டர்தான் இல்லை. ஊர்மிளாவின் முகத்தைப் பார்த்ததுமே ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள்.

"இரிங்க டீச்சர். திரும்பவும் மக்கர் பண்ணுதா?"

"எனக்கு இதை ஆத்தில எறியோணும் போல கிடக்கு, நஸீரா. லண்டன் மையும் எடுக்குதில்லை."

"எறிஞ்சுறாதீங்க. நம்ம தம்பி வந்தீக்கிறான். அஃப்ஹம், இங்க வாங்க."

அஃப்ஹமை நாம் இதுவரை பார்த்ததில்லை. கட்டாரில், தோஹாவில் ஆறு வருஷமாக பிரிண்டர் பழுதுபார்க்கிற கடையில் வேலை. பெண் பார்க்க லீவில் வந்திருக்கிறான். நல்ல பிள்ளை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"அங்க நாள் முழுக்க இதத்தான் தொறந்து பூட்டுறது டீச்சர். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மட்டுந்தான் லீவு" என்று சொல்லிக்கொண்டே பிரிண்டரைக் கவிழ்த்தான். அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தான். ஊர்மிளா கொண்டுவந்த லண்டன் காட்ரிஜைத் திருப்பிப் பார்த்தான். சிரித்தான்.

"இது எப்பிடி டீச்சர் எடுக்கும்? இது லண்டன் மெஷின் இல்லயே."

"லண்டன் மெஷின்தான் தம்பி. அவர் அங்க பாவிச்சது."

"இல்ல டீச்சர். இந்தக் கம்பெனிக்காரன் உலகத்த நாலஞ்சு துண்டா வெட்டி வச்சீக்கிறான். நாம ஒரு துண்டு. லண்டன் பக்கம் ஒரு துண்டு. அரபு நாடு ஒரு துண்டு. ஒரு துண்டுல விக்கிற மைய இன்னொரு துண்டு மெஷின் எடுக்காது. முதல்ல எந்த நாட்டு மை போட்டாங்களோ அதோடயே ஒட்டிக்கிட்டு ஈக்கும். இந்த ஸ்டிக்கர் எங்க கட்டார் பக்கத்து ஸ்டிக்கர். கொஞ்சம் இரிங்க, காட்டுறேன்."

உள்ளே போனான். வளைகுடாவிலிருந்து மெஷின் கொண்டுவந்தவர்களுக்கு விற்கவென்று தோஹாவிலிருந்து கொண்டுவந்த சாமான் பையைக் கிளறி, அதே நம்பர் காட்ரிஜ் ஒன்றை எடுத்து வந்தான். போட்டான். கடைக் கணினியில் வயரைக் கொழுவினான்.

சிவப்புப் பெட்டி வரவில்லை. மெஷின் இரண்டு தரம் கனைத்தது. பிறகு ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, கறுப்புக் கறுப்பாக எழுத்தை அடித்து வெளியே தள்ளியது.

அஃப்ஹம் அந்தத் தாளை எடுத்து ஆசையோடு வாசித்தான். "பாத்தீங்களா. மெஷின்ட சாதகமே ஈக்குது. பிராந்தியம் மத்திய கிழக்கு. நாடு கட்டார். முதல் பக்கம் அடிச்சது ரெண்டாயிரத்து அஞ்சு ஜனவரி. ரெண்டு வருஷம் அங்கதான் ஓடீக்குது. உங்க ஹஸ்பண்ட் கட்டார்ல எந்தப் பக்கம் டீச்சர்?"

நஸீரா மேசைக்குக் கீழே அவன் காலை மிதித்தாள். காலம் கடந்துவிட்டது.

ஊர்மிளா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். கணக்கு டீச்சர். ஒரு விடை வந்தால் அதை வந்த வழியே திரும்பிப் போட்டுப் பார்க்கிற பழக்கம். அதைத்தான் இப்போதும் செய்தாள்.

என் மேசையில் இருந்த மெஷின் என்றான். புதிதாக வாங்கி இரண்டு வருஷம் பாவித்தது என்றான். அப்படியானால் அந்த மேசை லண்டனில் இல்லை.

"வாற வழியில யாராவது வாங்கிக் குடுத்தீப்பாங்க டீச்சர்" என்றாள் நஸீரா, மெல்ல.

"இல்லை. பழைய மெஷின். அவற்ற மெஷின்."

வெள்ளிக்கிழமை. நாலு வருஷமாக சிவரூபன் ஃபோன் எடுப்பது வெள்ளிக்கிழமையில். குகநேசன் அண்ணா எடுப்பது ஞாயிறு. ஏன் வெள்ளி என்று ஒரு தரம் கேட்டபோது, 'எனக்கு வெள்ளிதான் லீவு, எங்கட கம்பெனியில அப்பிடி' என்றான். நம்பினாள். அவன் கூப்பிடுகிற போதெல்லாம் நம்பர் திரையில் விழாது. கார்டில் எடுப்பதால் அப்படி என்றான். அதையும் நம்பினாள்.

அண்ணாவோடு சண்டை. அதுதான் அவளை உலுக்கியது. லண்டனில் ஒரே ஊரில் இருக்கிற மச்சான்மார் ஒரு தரமாவது சந்தித்திருக்க வேண்டாமா. போன முதல் வருஷமே, ஒன்றுமில்லாத ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு, ஃபோனிலேயே குகநேசனை வாய்க்கு வந்தபடி ஏசி, 'உம்மட கொண்ணற்ற வீட்டுப் படலை மிதிக்கமாட்டன்' என்று சபதம் போட்டவன் சிவரூபன். அன்று முழுக்க ஊர்மிளா அழுதாள். இருவருக்கும் நடுவில் நின்று மூன்று வருஷமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அது கோபத்தில் போட்ட சண்டை இல்லை. அளந்து போட்ட சண்டை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவன் புளுகு நாலு வருஷம் ஓடியிருக்கிறது, ஒரு மைக்குப்பி காட்டிக் கொடுக்கும் வரைக்கும்.

கட்டாரில் வேலை செய்வது குற்றமா. இல்லை. அஃப்ஹம் செய்கிறான், கந்தப்பளையில் வீட்டுக்கு ஒருவர் செய்கிறார்கள். லண்டன் சரிவரவில்லை, இங்கே இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் என்ன தலையிலா அடித்துக்கொண்டிருப்பாள். அவளை எரித்தது வேறு. லண்டனில் இல்லாத மனுஷன் லண்டன் விசா எப்படி எடுத்தான்? ஆகஸ்டில் அவளை எங்கே கூட்டிப் போகப் பார்க்கிறான்? அதற்கு ஏன் முதலில் அவள் வேலையை விட வேண்டும்?

வேலை.

ஊர்மிளா சட்டென்று எழுந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்ப உட்கார்ந்தாள்.

"தம்பி, இந்தப் பென் டிரைவில வினாத்தாள் நாலு பக்கம் இருக்கு. அடியுங்கோ. நஸீரா, எண்பத்துநாலு பிரதி. கெதியா."

"டீச்சர், கொஞ்சம் தண்ணி குடிங்க."

"பிள்ளையளுக்குச் சோதினை. முதல்ல அதை அடியுங்கோ."

எண்பத்துநாலு பிரதியும் முடியும் வரை அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தாள்களை எண்ணி, மேசையில் தட்டித் தட்டி அடுக்கினாள். ஆத்திரத்தில்தான்.

*

அதிபர் கந்தப்பன் லிந்துலைத் தோட்டமொன்றில் பிறந்து படித்து வந்தவர். ஆசிரியர் ஒருவர் மாற்றலாகிப் போனால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிடுவார். ஊர்மிளா வினாத்தாள் கட்டை மேசையில் வைத்தபோது அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒரு வார்த்த எங்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாம் டீச்சர். ஒம்பது வருஷம் ஒண்ணா வேல செஞ்சோம். மாமி கையில குடுத்து அனுப்பிட்டீங்க."

"சேர், அந்தக் கடிதத்தைத் தாங்கோ. எனக்குத் திரும்ப வேணும்."

இப்போது நிமிர்ந்து பார்த்தார். "என்னங்க சொல்றீங்க?"

"நான் வேலையை விடேல்லை. கடிதம் எங்க?"

"அடடா. உங்க மாமி ரொம்ப அவசரம்னாங்க டீச்சர். இன்னைக்கே மேல அனுப்பணும், பயணத்துக்கு டிக்கெட் போட்டாச்சுன்னு நின்ன எடத்த விட்டு அசையல. கணக்குக்குப் பொறுப்பான ஆலோசகர் காலையில வந்திருந்தாரு. நானும் பரிந்துரை எழுதி, அவரு கையில குடுத்துட்டேன். அவரு பதினொரு மணி பஸ்ல நுவரெலியா கல்வி ஆபீசுக்குப் போயிட்டாரே."

மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையை ஊர்மிளா எடுத்தாள். குடிக்கவில்லை. திரும்ப வைத்தாள். டிக்கெட் போட்டாச்சாமே. யார் போட்டது? எந்த ஊருக்கு?

"எனக்கொண்டும் சொல்லாதேங்கோ சேர். திரும்ப எடுக்க ஏலுமோ ஏலாதோ, அதை மட்டும் சொல்லுங்கோ."

கந்தப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏலும். அவங்க ஏத்துக்கிட்டோம்னு கடிதம் போடுற வரைக்கும் வாபஸ் வாங்கலாம். ஆனா லேட் பண்ணிறாதீங்க. நாம மேசை கேட்டா வருஷக் கணக்குல தூங்குவாங்க. ஆள் போறாங்கன்னா ஒரே நாள்ல கையெழுத்துப் போட்டுருவாங்க. திங்கக்கெழம காலையில ஆபீஸ் தொறக்கையில நீங்க வாசல்ல நிக்கணும். நானும் வர்றேன்."

"பரீட்சை?"

"பரீட்சைய மத்தவங்க பாத்துக்குவாங்க. கணக்கு டீச்சரே இல்லன்னா இந்தப் புள்ளைங்க அடுத்த பரீட்சைய எப்படி எழுதுவாங்க?"

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அதிபர் வாசற்பக்கம் போய், வராத யாரையோ எதிர்பார்க்கிறவர் போல மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மனுஷன்.

*

நாலு மணிக்கு ஃபோன் வரும். மூன்றரைக்கு அவள் வீட்டுக்கு வந்தாள்.

முன் அறையில் பேரின்பநாயகம் பக்கத்து வீட்டுக்காரரிடம் கதை அளந்துகொண்டிருந்தார். லண்டனில் நிலத்துக்குக் கீழே ரயில் ஓடுகிற விதம் பற்றி. மகன் அதில்தான் தினமும் வேலைக்குப் போகிறானாம். ஒரு நாளும் நிமிஷம் பிந்தாதாம். ஊர்மிளா செருப்பைக் கழற்றியபடி முழுவதையும் கேட்டாள். மனுஷனைப் பார்க்கப் பரிதாபமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு விடைபெற்றார்.

"மெஷின் சரி வந்துதோ பிள்ளை?" என்று கேட்டார் மாமா.

"சரி வந்துது மாமா."

"நான் சொன்னனான் தானே. பிளக்தான்."

குசினியிலிருந்து இராஜகுமாரி குரல் கொடுத்தாள். வடை பொரியும் மணம் வந்தது. "கடிதம் குடுத்திட்டன், பிள்ளை. அதிபர் நல்ல மாதிரிக் கதைச்சவர். இனி ஒரு கவலையும் இல்லை. தம்பி எடுத்தா முதல்ல அதைச் சொல்லும்."

ஊர்மிளா நேரே தன் அறைக்குள் போய்விட்டாள். வாய் திறந்தால் என்ன வருமென்று அவளுக்கே தெரியவில்லை.

நாலு அடித்து ஐந்து நிமிஷத்தில் அவளுடைய ஃபோன் ஒலித்தது. நம்பர் விழவில்லை.

"என்ன செய்யிறீர்?" என்றான் சிவரூபன். குரலில் உற்சாகம். "கடிதம் குடுத்தாச்சோ?"

"போயிட்டுது."

"கெட்டிக்காரி. இனி எல்லாத்தையும் நான் பாத்துக்கொள்ளுறன். நீர் ஒண்டுக்கும் யோசியாதேயும்."

"அங்க என்ன மாதிரி?"

"இஞ்சயோ. ஒரே மழை. லண்டன் தெரியுந்தானே. காலமையில இருந்து வெளிக்கிட ஏலேல்லை."

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான். தடுமாற்றம் இல்லை, இடைவெளி இல்லை. நாலு வருஷத்தில் இப்படி எத்தனை மழை, எத்தனை பனி, எத்தனை ரயில். அவனுக்குக் குளிரும் என்று நினைத்து, தன் கையால் ஸ்வெட்டர் பின்னி அண்ணாவின் முகவரிக்கு அனுப்பி, அதை அவன் வந்து வாங்கவில்லை என்று குறை சொன்ன அண்ணாவோடு அவனுக்காகச் சண்டை போட்டவள் அவள். ஊர்மிளா ஃபோனை மறு காதுக்கு மாற்றினாள்.

"பிரிண்டர் வேலை செய்யுது" என்றாள்.

"ஆ, கொண்ணர் அனுப்பினது வந்திட்டுதே? பாத்தீரே, லண்டன் மை எண்டா லண்டன் மைதான்."

"லண்டன் மையை அது எடுக்கேல்லை."

"ம்?"

"ரெண்டையும் போட்டுப் பாத்தன். ரெண்டையும் எடுக்கேல்லை. பிறகு கட்டார் மை ஒண்டு போட்டன். உடன எடுத்திட்டுது. ரெண்டாயிரத்து அஞ்சாம் ஆண்டு தை மாதத்தில இருந்து அது அங்கதான் வேலை செய்ததாம். தாளில அடிச்சுத் தந்திருக்கு. வாசிக்கட்டோ?"

கார்டு முடிந்துவிட்டதோ என்று அவள் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். முடியவில்லை. விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தாள். இல்லையென்றால் இன்னொரு பொய் சொல்வான். இரண்டுக்கும் பதிலை அவள் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். நல்ல பதில்கள். எல்லாம் வீணாகப் போயின.

"அம்மா சொல்லிப்போட்டாவோ?" என்று கேட்டான் சிவரூபன்.

ஊர்மிளா குசினிப் பக்கம் திரும்பினாள்.

காலையில் வெற்றிலைக்குக் கீழே போன கடிதம். இன்றைக்கே மேலே அனுப்ப வேண்டும் என்று அதிபரின் மேசை முன்னால் நின்ற அவசரம். டிக்கெட். வேலை போய்விட்டால் இவள் எங்கே கூப்பிட்டாலும் வரத்தானே வேண்டும் என்று தாயும் மகனும் பேசி வைத்திருக்கிறார்கள். ஒரே வீட்டில், ஒரே குசினியில், நாலு வருஷமாக அவள் கையால் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே.

"ஊர்மி, கேளும். நான் வடிவாச் சொல்லுறன். லண்டனில விடேல்லை, திருப்பி அனுப்பிட்டாங்கள். அப்பாவுக்குத் தெரிஞ்சா அவர் தாங்கமாட்டார் எண்டு அம்மாதான்..."

"திங்கக்கிழமை காலமை நான் நுவரெலியாவுக்குப் போறன். அந்தக் கடிதத்தைத் திரும்ப எடுக்க" என்றாள் ஊர்மிளா. "அதுக்குப் பிறகு உங்களோட கதைக்கிறன். கதைக்க ஏதாவது இருந்தா."

"பொறும், பொறும். அம்மாவோட ஒண்டும் கதைச்சிடாதேயும்."

அவள் ஃபோனை வைக்கவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே முன் அறையைக் கடந்து குசினி வாசலுக்குப் போனாள். இராஜகுமாரி எண்ணெய்ச் சட்டியிலிருந்து வடையை அரித்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பியே?" என்றாள், முகம் மலர்ந்து.

"ஓம் மாமி." ஊர்மிளா ஃபோனை நீட்டினாள். முன் அறைக்குக் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினாள். "கட்டாரில இருந்து உங்கட மகன். இந்தாங்கோ, நீங்களே கதையுங்கோ."

இராஜகுமாரி ஃபோனை வாங்கவில்லை. அவள் பார்த்தது ஃபோனையும் இல்லை, மருமகளையும் இல்லை. ஊர்மிளாவின் தோளுக்கு மேலால், முன் அறையைப் பார்த்தாள்.

அங்கே பேப்பர் மடிகிற சத்தம் கேட்டது. நாற்காலி பின்னுக்குத் தள்ளப்பட்டது.

"எங்க இருந்தெண்டு சொன்னனீர், பிள்ளை?" என்று கேட்டார் பேரின்பநாயகம்.